பேப்பர் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் போகும் பிரதான வீதியில் கொச்சிக்கடையைத் தாண்டி மகா ஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடும். வைக்கால, நைனாமடம், வென்னப்புவ, மாரவில என்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். ஒரு தலைமுறைக்கு முன்னர் கிடுகு வேய்ந்த வீடுகள் நின்ற காணிகளில் இன்று தூண் வைத்த மாடி வீடுகள், வளைந்த பல்கனி, பளிங்குத் தரை, ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கேற். சில வீடுகளில் ஆளே இல்லை. ஓகஸ்ட் விடுமுறைக்கும் நத்தாருக்கும்தான் ஜன்னல்கள் திறபடும். சந்திக்குச் சந்தி இத்தாலிய மொழி வகுப்புக்கான விளம்பரப் பலகை தொங்கும். வென்னப்புவையை நாடே 'குட்டி இத்தாலி' என்றுதான் அழைக்கிறது.

நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரையான இந்தக் கத்தோலிக்கக் கரை ஏற்கெனவே ஒரு தடவை மொழி மாறிய கரை. தாத்தாவும் பாட்டியும் தமிழில் செபம் சொன்னார்கள், பேரன்மார் சிங்களத்தில் படித்தார்கள், கொள்ளுப்பேரப் பிள்ளைகள் மிலான் பள்ளிக்கூட முற்றத்தில் இத்தாலிய மொழியில் சண்டை பிடிக்கிறார்கள்.

வீட்டைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள், அதற்கு அத்திவாரம் போட்ட முதல் ஆள் இத்தாலிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை மட்டும் சத்தமாகச் சொல்வதில்லை. எழுபதுகளில் தேவாலயத் தொடர்புகள் மூலம் பெண்கள் சிலர் வீட்டு வேலைக்குப் போனார்கள். எண்பதுகளின் முடிவிலும் தொண்ணூறுகளிலும் அந்தச் சிறு வாய்க்கால் ஆறாகியது. சுற்றுலா விசாவில் போய்த் தங்கியவர்கள் இருந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் இறங்கி, ஏஜென்ட் கைகாட்டிய திசையில் இரவிரவாக எல்லை கடந்தவர்கள் இருந்தார்கள். காணியை ஈடு வைத்துப் படகேறியவர்களும் இருந்தார்கள். சட்டத்தின் கணக்கில் இவர்கள் எல்லோரும் சட்டவிரோதக் குடியேறிகள். இன்று அவர்களே வரி கட்டுகிறவர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். தேவாலயத் திருவிழாவுக்குப் பெரிய தொகையாகக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் நடந்தது ஒன்றுதான்: இத்தாலிய அரசு அவர்களுக்குப் பேப்பர் கொடுத்தது.

ஆவணமில்லாமல் வந்து தங்கிவிட்டவர்களுக்குச் சட்டபூர்வ அந்தஸ்துக்கு ஒரு வழி திறந்துவிடலாமா என்று வாஷிங்டனிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாய் கிழியப் பேசுகிறார்கள். அந்தக் கேள்விக்கான சாட்சியம், நல்லதும் கெட்டதுமாக, வென்னப்புவ வீதியோரம் கிடக்கிறது. அதைப் பார்க்கிற எவருக்கும் திறந்துவிடுவதே சரி என்றுதான் படும். ஆனால் இத்தாலி திறந்துவிட்ட விதம் சரியில்லை.

இத்தாலி ஒரு தடவை அல்ல, பல தடவை மன்னிப்பு வழங்கிய நாடு. அங்கே இதற்கு 'சனத்தோரியா' என்று பெயர். 1986இல் முதலாவது வந்தது. 1990இல் மார்த்தெல்லி சட்டம் வந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பர் 31ஆம் திகதிக்குள் நாட்டுக்குள் இருந்தவர்கள் பதிவு செய்யலாம் என்றார்கள். 2 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பேப்பர் கிடைத்தது. 1995இலும் 1998இலும் மறுபடியும் 2 இலட்சத்துக்கு மேல். பிறகு வந்ததுதான் வேடிக்கை. 2002இல் பெர்லுஸ்கோனியின் வலதுசாரி அரசு, குடியேறிகளுக்கு எதிராகக் கடுமையான சட்டமொன்றைக் கொண்டுவந்தது. வட லீக் தலைவர் உம்பெர்த்தோ பொஸ்ஸியும் ஜான்பிராங்கோ பீனியும் பெயர் கொடுத்த சட்டம் அது. விரல் அடையாளம், வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசா இல்லை, பிடிபட்டால் வெளியேற்றம் என்று எல்லாக் கதவையும் சாத்தியது. அதே கையோடு அந்த அரசே, இத்தாலியின் வரலாற்றில் அதுவரை இல்லாத பெரிய மன்னிப்பையும் வழங்கியது. 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சட்டபூர்வமானார்கள்.

ஏன் கொடுத்தார்கள்? இரக்கம் காரணமில்லை. மிலானிலும் ரோமிலும் பொஸ்ஸிக்கும் பீனிக்கும் வாக்களித்த குடும்பங்களின் வீடுகளில் படுக்கையில் கிடந்த கிழவிக்குக் கஞ்சி பருக்கி, குளிக்க வார்த்து, இரவில் பக்கத்தில் படுத்தவள் பேப்பர் இல்லாத பெண். அவளை நாடு கடத்தினால் அடுத்த நாள் காலை அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை. முதலில் வீட்டு வேலையாட்களுக்கும் முதியோரைப் பராமரிப்பவர்களுக்கும் மட்டும் என்று தொடங்கினார்கள். தொழிற்சாலைக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று நெருக்க, எல்லாத் தொழிலாளருக்கும் என்று விரித்தார்கள். இன்று இத்தாலியில் ஏறத்தாழ நாலில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். அந்த நாடு யாருடைய கையைப் பிடித்து நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்தல் மேடையில் மட்டும் மறந்துபோகும்.

பேப்பர் கைக்கு வருவதற்கு முன்னும் பின்னுமான வாழ்க்கை எப்படி மாறுகிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பேப்பர் இல்லாதவர் தாய் செத்தாலும் ஊருக்கு வர முடியாது. வந்தால் திரும்பிப் போக முடியாது. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று தொலைபேசியிலேயே அழுது ஒப்பாரி வைத்தவர்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர். சம்பளம் தராத முதலாளியைப் பொலிஸில் சொல்ல முடியாது. பொலிஸ் முதலில் கேட்பது இவருடைய பேப்பரைத்தான். வீட்டை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். 'பெர்மெஸ்ஸோ' என்ற அந்த வதிவிட அனுமதி கிடைத்தவுடன் முதல் நடக்கிற காரியம் கட்டுநாயக்கவுக்கு ஒரு பிளேன் டிக்கெட். இரண்டாவது, முதலாளி அரச காப்புறுதி நிதிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பணம் கட்டத் தொடங்குவது. அதுவரை கறுப்பில் போய்க்கொண்டிருந்த சம்பளம் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. பிறகு அதைப் புதுப்பிக்கிற சடங்கு: மஞ்சள் பட்டை போட்ட உறையைத் தபால் கந்தோரில் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் தருகிற பற்றுச்சீட்டைப் பர்ஸில் பத்திரமாக மடித்து வைத்து மாதக்கணக்கில் திரிய வேண்டும். அலுப்புத்தான். ஆனாலும் அந்தப் பற்றுச்சீட்டு பர்ஸில் இருக்கிறவர் பொலிஸ்காரனைக் கண்டு தெருவின் மறுபக்கம் போவதில்லை.

இத்தாலி உதாரணம் போதாது என்பவர்களுக்கு ஸ்பெயின் இருக்கிறது. 2005இல் சப்பத்தேரோ அரசு ஏறத்தாழ 6 இலட்சம் பேருக்குச் சட்டபூர்வ வேலை அனுமதி கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் பின்னர் அதை ஆராய்ந்து, சட்டபூர்வமாக்கப்பட்ட ஒவ்வொருவராலும் சம்பளத்தின் மீதான வரி வருமானம் ஆண்டுக்குச் சுமார் 4,000 யூரோ கூடியது என்று கண்டார்கள். அந்த மன்னிப்பைப் பார்த்துப் புதிதாகப் பெருங்கூட்டம் வந்து குவிந்ததற்கும் அந்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை.

எதிர்வாதம் லேசானதல்ல. முறைப்படி விண்ணப்பித்து வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறவன் முட்டாளா என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்பவர்கள் எல்லோரையும் இனவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1986இல் றேகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 இலட்சம் பேரைச் சட்டபூர்வமாக்கியது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அங்கே பேப்பர் இல்லாதவர்களின் தொகை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. மன்னிப்பு என்ற பேச்சு எழுந்தாலே ஏஜென்ட்மாரின் வாய்க்குச் சர்க்கரை போட்டது போலத்தான். "இப்ப போனா அடுத்த சனத்தோரியாவில எடுத்துடலாம்" என்ற ஒரு வசனத்துக்காகக் காணி உறுதிகள் கைமாறிய ஊர்கள் இந்தக் கரையில் உண்டு. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை மழை பெய்யும் என்று தெரிந்தால் எவனும் விதைநெல்லோடு காத்திருக்கத்தான் செய்வான்.

அந்த ஏஜென்ட் சொல்லாமல் விடுகிற கணக்கு ஒன்று உண்டு. 1996 நத்தாருக்கு அடுத்த நாள் அதிகாலை, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில், பெரிய கப்பலிலிருந்து சிறிய படகொன்றுக்கு மாற்றப்பட்டவர்கள் அந்தப் படகோடு மூழ்கிப்போனார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என்று குறைந்தது 283 பேர். தப்பியவர்கள் கரைக்கு வந்து சொன்னபோது அதிகாரிகள் நம்பவில்லை. சிசிலியின் தென்கோடியில் உள்ள போர்த்தோபாலோ என்ற மீனவக் கிராமத்தார் வலையில் பிணங்கள் வந்தன. பொலிஸில் சொன்னால் விசாரணை, விசாரணை என்றால் படகு கரையில் கட்டிக் கிடக்க வேண்டும், தொழில் போய்விடும் என்று பயந்து அவற்றைத் திரும்பக் கடலிலேயே விட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. நாலு வருடத்துக்கு மேல் கழித்து ஒரு மீனவரின் வலையில் வந்த காற்சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையிட்ட அடையாள அட்டை ஒன்று இருந்தது. இலங்கைத் தமிழ் இளைஞன் ஒருவனுடையது. அந்த மீனவர் மனம் பொறுக்காமல் அதைப் பத்திரிகையாளர் ஜொவான்னி மரியா பெல்லுவிடம் காட்ட, 2001இல் 'லா ரெபூப்ளிக்கா' பத்திரிகை கடலடிக்குக் கமெரா இறக்கி, நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடந்த படகைக் கண்டுபிடித்தது.

பேப்பர் இல்லாதவன் என்று உலகம் சொன்ன ஒருவனைப் பற்றி உலகுக்குச் சொன்னது அவனுடைய பேப்பர்தான். சிலாபத்திலும் உடப்பிலும் வலை இழுக்கிற எவருக்கும் இந்தச் செய்தியின் இரண்டு பக்கமும் விளங்கும்: பிணத்தைத் திரும்பக் கடலில் விட்டவனின் பயமும், அட்டையை எடுத்துவைத்தவனின் உறுத்தலும்.

எனவே படகுப் பயணத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. கேள்வி, ஏற்கெனவே போய்ச் சேர்ந்து, பத்து வருடம் உழைத்து, பிள்ளை பெற்றுவிட்டவரை என்ன செய்வது என்பதுதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலேயே அரசியல்வாதிகளின் பிழைப்பு நடக்கிறது.

இத்தாலியின் பிழை, வழி திறந்ததில் இல்லை. அதை முன்னறிவிப்பில்லாத திருவிழாவாக நடத்தியதில்தான். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் சில வாரங்கள்தான், தவறினால் அடுத்த அரசு வரும் வரை காத்திரு. அதைவிட மோசம், விண்ணப்பத்தை முதலாளியின் கையில் கொடுத்தது. 2020இல் கொரோனா பரவியபோது தோட்டத்தில் பழம் பறிக்க ஆளில்லை. விவசாய அமைச்சர் தெரேசா பெல்லனோவா புதிய மன்னிப்பை அறிவிக்கும்போது கண் கலங்கினார். இளவயதில் வயலில் கூலி வேலை செய்தவர் அவர். ஆனால் அந்தத் திட்டத்திலும் விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி, கட்ட வேண்டியது 500 யூரோ. அதை எத்தனை இடங்களில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே கழித்தார்கள் என்பதை இத்தாலியில் இருக்கும் எவரும் சொல்வார்கள். இல்லாத வீட்டுக்கு வேலைக்காரியாகப் பதிந்து தர ஆயிரக்கணக்கில் யூரோ கேட்கிற தரகர்கள் முளைத்தார்கள். 2 இலட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் நூற்றுக்கு 85 வீட்டு வேலைத் துறைக்கு. தோட்டத்துக்கு என்று தொடங்கிய திட்டம் மறுபடியும் கிழவிகளின் படுக்கையறைக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் கழிந்த பிறகும் பெருநகரங்களில் கோப்புகள் தூசி தட்டப்படாமல் கிடந்தன.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. ஸ்பெயின் சட்டத்தில் நிரந்தரமாகவே ஒரு வாசல் உண்டு. குறிப்பிட்ட காலம் அங்கே வாழ்ந்து, வேலையோ உறவோ ஊரில் வேரோ இருப்பதைக் காட்டி, குற்றப் பதிவு இல்லையென்றால் விண்ணப்பிக்கலாம். மூன்று வருடமாக இருந்த அந்தக் காலத்தை 2025 மே மாதம் முதல் இரண்டு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். ஜெர்மனி, 2022 ஒக்டோபர் 31ஆம் திகதிக்குள் ஐந்து வருடம் தற்காலிக அனுமதியில் கழித்தவர்களுக்கு, வேலையும் மொழியும் தேடிக்கொள்ள 18 மாத அவகாசம் கொடுத்தது. பிரான்ஸ் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. பாரிஸின் லா சப்பேலில் பாத்திரம் கழுவுகிற எங்கள் பொடியன்களால் 2012ஆம் ஆண்டுச் சுற்றுநிருபப்படி ஐந்து வருடத்தில் விண்ணப்பிக்க முடிந்தது. 2025 ஜனவரியில் அதை ஏழாக்கிவிட்டார்கள். நிரந்தர வாசல் இருந்தால் அடுத்த திருவிழா எப்போது என்று ஏஜென்ட் கதை விட முடியாது. 'இத்தனை வருடம், இந்த நிபந்தனை' என்று சட்டம் சொல்லும். அதற்குள் அகப்படாதவர் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்ல அப்போதுதான் ஓர் அரசுக்கு முகமும் இருக்கும்.

கதவே இல்லாத சுவர் எப்படி இருக்கும் என்பதையும் இந்தக் கரை பார்த்துவிட்டது. 2012இல் சிலாபம், நீர்கொழும்பு, உடப்பு, மட்டக்களப்பு என்று பல இடங்களிலிருந்து பலநாள் படகுகள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட இலங்கையர் அங்கே போய் இறங்கினார்கள். மீன் போடுகிற ஐஸ் அறைக்குள் ஆட்களை அடைத்து மூன்று வாரம் ஓடிய பயணங்கள் அவை. 2013 ஜூலைக்குப் பிறகு படகில் வந்தவர் எவரும் ஒருபோதும் குடியேற முடியாது என்று கன்பெரா அறிவித்தது. அந்த வருட முடிவில் கடற்படையைக் கொண்டு படகுகளைத் திருப்பத் தொடங்கியது. படகுகள் குறைந்தன, உண்மைதான். ஆனால் முன்னரே இறங்கியவர்கள் பத்து வருடம் தற்காலிக விசாவிலும் தடுப்பு முகாமிலும் தொங்கினார்கள். குவீன்ஸ்லாந்தின் பிலோயெலா என்ற சின்ன ஊரில் குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018இல் அதிகாலையில் தூக்கிப் போனபோது, அந்த ஊர்க்காரர்கள் நாலு வருடம் விடாமல் போராடி, 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நிரந்தர விசாவும் கிடைத்தது. மறு வருடம் தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. பத்து வருடப் பிடிவாதத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியா வந்து நின்றது இத்தாலி 1990இல் நின்ற இடத்தில்தான். கடைசியில் கொடுக்கப் போவதை முதலிலேயே கொடுத்திருந்தால் எத்தனை பேரின் மூளையும் மனமும் கெடாமல் இருந்திருக்கும்!

2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் மறுபடியும் படகுகள் புறப்பட்டன. கடலில் பிடிபட்டு விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் மீது பாய்ந்தது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவரவு, குடியகல்வுச் சட்டம். அந்தச் சட்டம் பிறந்த காலத்தில் அரசுக்கு இருந்த பயம் வேறு: பாக்கு நீரிணையைக் கடந்து தென்னிந்தியாவிலிருந்து வருகிறவர்களைப் பற்றியது. 'கள்ளத்தோணி' என்று ஏசுவதற்கென்றே ஒரு சொல் அன்று புழங்கியது. ஐம்பதுகளில் வடக்கு, வடமேற்குக் கரையோரத்தில் படையினரை நிறுத்திக் காவல் காத்தார்கள். அன்று வருகிறவனைப் பிடிக்க எழுதிய சட்டம் இன்று போகிறவனைப் பிடிக்கிறது. அதே கடல், படகின் முகம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது.

கொழும்புக்கு இதில் பண ரீதியான அக்கறையும் இருக்க வேண்டும். 2022இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 380 கோடி டொலருக்கு வீழ்ந்தது. 2024இல் அது 657 கோடி டொலர். இடையில் நடந்ததில் முக்கியமானது, உண்டியல் என்ற வங்கிக்கு வெளியிலான வழியில் போன பணம் வங்கிக்குத் திரும்பியதுதான். பேப்பர் இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு இல்லை. அவருக்கு உண்டியலைத் தவிர வேறு வழியே இல்லை. மத்திய வங்கி ஆளுநர் எத்தனை தடவை வேண்டுகோள் விடுத்தாலும் நாப்போலியில் ஒளிந்திருக்கிற ஒருவர் வங்கி வாசலில் ஏறப் போவதில்லை. இத்தாலியோடு பேச உட்காருகிற ஒவ்வொரு தடவையும் புதிதாக எத்தனை பேரை எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது, உள்ளே இருப்பவர்களைக் கைகழுவுவதற்குச் சமம்.

இந்த அக்கறை நமக்கு ஒரே சீராக இருந்ததில்லை என்பதும் உண்மை. 2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து திரும்பியவர்கள் தங்களைப் பதிவு செய்யவில்லை என்று சொல்லி, நாட்டிலேயே முதலாவதாகப் புத்தளம் மாவட்டத்திலும் கொச்சிக்கடையிலும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். அதுவரை டொலர் அனுப்பிய தியாகிகள் ஒரே இரவில் நோய் காவிகளானார்கள்.

கற்பிட்டி, புத்தளம் பக்கம் கதை வேறு. அங்கேயிருந்து பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் முறையான விசாவில்தான் போகிறார்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வார். அடியும் பட்டினியும் தாங்காமல் அந்த வீட்டை விட்டு ஓடிய கணத்தில் அந்தப் பெண் சட்டவிரோதி. எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடக்காமலேயே ஒருவர் பேப்பர் இல்லாதவராக ஆக்கப்படலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஐக்கிய அரபு இராச்சியம் 2024 செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை கொடுத்த பொதுமன்னிப்பில் அபராதமில்லாமல் ஊருக்குப் போகலாம், அல்லது புதிய வேலை தேடி அங்கேயே சட்டபூர்வமாகலாம் என்றார்கள். பல மன்னிப்புகள் வெளியே போகிற வாசலை மட்டும் திறப்பவை. இது இரண்டு வாசலையும் திறந்தது.

வெளிநாட்டைப் பார்த்துக் கேட்கிற இந்த நியாயத்தை இலங்கை தன் வீட்டிலும் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது, காலம் தாழ்த்தியாவது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கையின் சிறிமாவும் இந்தியாவின் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களை, சந்தையில் மூட்டை பிரிப்பது போல, 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1988இல் ஒரு சட்டம், கடைசியாக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். அது வந்த பிறகு பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜைகளானார்கள் என்று ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் பதிவு செய்திருக்கிறது. ஐம்பத்தைந்து வருடம் நாடு பிளந்துவிடும் என்று பயந்த காரியம் பத்து நாளில் முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை.

அதே இலங்கை இன்று தன்னிடம் ஒதுங்கியவர்களுக்கு என்ன செய்கிறது? பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த அஹ்மதியர்களும் கிறிஸ்தவர்களும், ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்தவர்களும் மகா ஓயாவுக்கு அந்தப் பக்கம் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரம் பேர் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டுப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வளவிலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். குண்டு வைத்தவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. ஐ.நா. அட்டை வைத்திருந்தாலும் இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. வேறு நாடு எடுக்கும் வரை வருடக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் 100க்கு மேற்பட்ட ரோஹிங்கியர்களோடு படகொன்று முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தபோது, அந்த ஊர் மீனவர்கள் சோறும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். அரசு அவர்களை விமானப் படை முகாமுக்குள் கொண்டுபோய் வைத்தது.

மிலானில் எங்கள் பிள்ளைக்குப் பேப்பர் கேட்கிற வாய், நீர்கொழும்பில் ஒருவனுக்கு வேலை அனுமதி கொடுக்காதே என்று சொல்வது பொருந்தாது. இத்தாலியில் பிறந்த பிள்ளை 18 வயது வரை பிரஜையாகக் காத்திருக்க வேண்டியிருப்பதையும், பெற்றோரின் பத்து வருடக் காத்திருப்பை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பு போதிய வாக்காளர் வராமல் தோற்றதையும் குறை சொல்கிறோம். சரியான குறைதான். அதே கண்ணால் உள்ளேயும் பார்க்க வேண்டும்.

வெளிவிவகார அமைச்சுக்கும் பாராளுமன்றத்துக்கும் கேட்க வேண்டியவை இரண்டுதான். இத்தாலியோடும் மற்ற நாடுகளோடும் செய்யும் ஒவ்வொரு தொழிலாளர் உடன்படிக்கையிலும், அங்கே ஏற்கெனவே வருடக்கணக்காக உழைக்கும் பேப்பர் இல்லாத இலங்கையர்கள் முதலாளியின் தயவில்லாமல் தாங்களே விண்ணப்பிக்க ஒரு நிரந்தர வழியைக் கேளுங்கள். இங்கே ஐ.நா.வில் பதிந்துள்ள அகதிகளுக்கு, வேறு நாடு கிடைக்கும் வரைக்குமாவது வேலை செய்யவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் சட்டப்படி அனுமதி கொடுங்கள். இரண்டாவதைச் செய்ய ரோமில் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.